சார்மத் கரையில் பைரைட் அம்மோனைட் தேடல்: இதுவரை

அம்மோனைட் என்பது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடற்பிராணி. அதன் பெரிய புதைபடிவம் தேடும் ஆசையை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டேன். இங்கிலாந்தின் டார்செட் கரையில் உள்ள சார்மத்தில், இந்தக் குளிர்காலம் முழுக்க பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமத்தால் ஆன, நகத்தளவு அம்மோனைட் மட்டும்தான் தேடுகிறேன்.

பிளாக் வென் குன்றின் அடியில் கருஞ்சாம்பல் களிப்பாறை. ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் கடற்சேறு. உச்சியில் மஞ்சள் மணற்பாறை, அது ஜுராசிக்கை அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தது. நடுவே 8 கோடி ஆண்டுகளுக்கு மேல் பாறைப் பதிவே இல்லை! மழைநீர் மணற்பாறை வழியே இறங்கி, களியைத் தாண்ட முடியாமல் தேங்க, மேலே உள்ளது வழுக்கிச் சரிகிறது. சரிந்த சேற்றைக் கடல் கரைத்துப் படிவங்களைக் கரையில் போடுகிறது. குன்றைக் கொத்த வேண்டியதே இல்லை, கொத்தவும் கூடாது. குன்றடியில் நிற்காமல், புயல் ஓய்ந்த பின் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகிறேன்.

தேடலுக்குக் கைகொடுப்பது கனம். பைரைட் தண்ணீரைவிட 5 மடங்கு அடர்த்தி, சாதாரணக் கூழாங்கல் 2.6 மடங்குதான். அலை கனமானதையெல்லாம் ஒரே பக்கம் ஒதுக்கிவிடும். பித்தளை நிறத் துணுக்குகள் தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்க வேண்டியதுதான். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு, இரும்போடு சேர்ந்து ஓட்டின் அறைகளை நிரப்பியதால் வந்த நிறம் அது. (நம் வீட்டுப் பூஜையறைச் சாளக்கிராமங்களிலும் பல இதே வகைப் பிராணியின் படிவம்தான்.)

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஈரக்காற்று பட்டால் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடையும். கந்தக அமிலமும் வெளிறிய பொடியும் உண்டாகி, படிவம் வெடித்து உதிரும். அதனால் நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்து உப்பை எடுத்து, நன்றாக உலர்த்தி, அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பிசினைப் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். பூச்சு மட்டும் போதும் என்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, டப்பாவுக்குள் காற்று காய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், இப்போது இனம் பிரிக்கப் பழகுகிறேன். சுற்றுகள் நிறைய, ஒவ்வொன்றும் வெளியே தெரிந்து, ஓட்டின் மேல் புடைத்த வரிகள் நேராக ஓடினால் எகியோசெரஸ். வரிகள் வெளிவிளிம்பைக் கடக்கும்போது தட்டையாக அகன்றால் புரோமைக்ரோசெரஸ். உடைந்த துண்டுகளில்தான் இன்னும் திணறல். அவற்றுக்கு 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும்.