முதல் பற்றும் அது போட்ட குட்டிகளும்

கடன் தவணை ஒன்றைக் கட்டுவதற்காகவே ஒரு சேமிப்புக் கணக்கைத் தனியாக வைத்திருந்தேன். குறைந்தபட்ச இருப்பு என்ற நிபந்தனை இல்லாத கணக்கு அது. மாதந்தோறும் 3ஆம் தேதி தவணைத் தொகையைச் சற்றே கூட்டி அதில் போடுவேன். 5ஆம் தேதி கடன் கொடுத்த நிறுவனம் ஆட்டோ டெபிட்டில் அதை எடுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுகள் இது தடங்கலின்றி நடந்ததால், அந்தக் கணக்கை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஒரு மாதம் தவணை வரவில்லை என்று நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோதுகூட, நான்தான் குறைத்துப் போட்டிருப்பேன் என்று எண்ணி, தாமதக் கட்டணத்தையும் சேர்த்து மறுபேச்சில்லாமல் கட்டினேன். நான்கு மாதங்கள் கழித்து வேறொரு வேலைக்காக ஸ்டேட்மெண்ட்டை எடுத்தபோதுதான் அந்த மாதத்துப் பதிவுகள் கண்ணில் பட்டன.

தவணை போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சுருக்கக் குறியுடன் ஒரு பற்று இருந்தது. அதன் கீழேயே அதற்கான வரித் தொகை. டெபிட் கார்டுக்கான ஆண்டுக் கட்டணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் இருப்பு, தவணைத் தொகைக்கு மிகச் சிறிய அளவில் குறைந்துபோனது. மறுநாள் தவணை கேட்பு, பணம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. திருப்பி அனுப்பியதற்கு ஒரு கட்டணம், அதற்கொரு வரி. அந்தக் கட்டணத்தையும் இருந்த பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டதால் பற்றாக்குறை மேலும் கூடியது. இரண்டு நாள் கழித்து நிறுவனம் மீண்டும் கேட்டபோது மீண்டும் திருப்பம், மீண்டும் கட்டணம், மீண்டும் வரி. வட்டிதான் குட்டி போடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கட்டணமும் போடும் என்பதை அன்று கண்டேன்.

அந்த டெபிட் கார்டை நான் எட்டு மாதங்களுக்கு முன்பே கிளையில் ஒப்படைத்திருந்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலில் தேதி முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். பழைய கோப்பிலிருந்து அதைத் தேடி எடுத்தபோது ஊதா மை மங்கியிருந்தது. ஆனாலும் நாளும் மாதமும் படிக்கக் கூடியதாகவே இருந்தன. பின்னர் நடந்த எல்லாவற்றையும் தாங்கி நின்றது அந்தத் தாள்தான்.

முதலில் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன், “சார், இதை நாங்கள் எடுப்பதில்லை, சிஸ்டம் தானாக எடுத்துக்கொள்கிறது” என்றார். சிஸ்டம் என்பது மழையோ வெயிலோ அன்று. எந்தக் கணக்கில், எந்த நாளில், எதற்காக எடுக்க வேண்டும் என்று அதற்கு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதைத் தொலைபேசியில் பேசுபவரிடம் வாதிட்டுப் பயனில்லை. அந்த அழைப்பில் நான் செய்த ஒரே நல்ல காரியம், புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டதுதான். எண் இல்லாத புகார் வங்கியைப் பொறுத்தவரை வெறும் பேச்சு.

கிளைக்குப் போனபோது முத்திரையிட்ட நகலைப் பார்த்த அதிகாரி, கார்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு உடனே ஒப்புக்கொண்டார். மற்றவற்றுக்கு அவர் சொன்ன பதில் கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றியது: “தவணை வந்த நேரத்தில் உங்கள் கணக்கில் பணம் போதவில்லை என்பது உண்மைதானே, சார்? அதற்கான கட்டணம் விதிப்படிதான் எடுக்கப்பட்டிருக்கிறது.” உண்மைதான். ஏன் போதவில்லை என்ற கேள்வியை மட்டும் அவர் தொடவில்லை. வங்கிக் கட்டணத் தகராறுகளில் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே என்பது என் எண்ணம். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கும்; தொடராகப் பார்த்தால்தான் முதல் பிழை தெரியும். முதல் பற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அது போட்ட குட்டிகளைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு வங்கிக்கு உரிமையில்லை.

அன்றிரவு எழுதிய கடிதத்தில் ‘அநியாயம்’ என்ற சொல்லை நான் ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. அந்தச் சொல்லால் காரியம் ஆகாது என்று எங்கெங்கோ நடந்த வழக்குகள் காட்டியிருந்தன. பிரிட்டனில், இருப்பை மீறி எடுத்தால் விதிக்கப்படும் கட்டணங்களை எதிர்த்து, 2006 வாக்கில் தொடங்கி ஏராளமானவர்கள் வங்கிகளுக்கு எழுதினார்கள். பலருக்குப் பணமும் திரும்பக் கிடைத்தது. ஆனால் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2009 நவம்பர் 25 அன்று, அந்தக் கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதியே என்றும், விலை மிகுதியா இல்லையா என்ற அடிப்படையில் அவற்றின் நியாயத்தை அளக்க அன்றைய நுகர்வோர் விதிகள் இடம் தரவில்லை என்றும் தீர்ப்பு வந்தது. நிலைத்த தொகையாக விதிக்கப்பட்ட அந்தக் கட்டணங்கள் அங்கே ஒழிந்தது, 2020 ஏப்ரலில் நிதி ஒழுங்காற்று அமைப்பின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோதுதான்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு என் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் கணக்கில் 100 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரே நாளில் 10, 20, 30, 90 என்ற வரிசையில் செலவு செய்கிறார். நடந்த வரிசையிலேயே எழுதினால் முதல் மூன்றும் தடையின்றிப் போய்விடும். கடைசிச் செலவு மட்டும் இருப்பை மீறும், எனவே ஒரே கட்டணம். பெரிய தொகையை முதலில் எழுதினால், 90 போய் 10 மிஞ்சும். அதன்பின் வரும் 30, 20, 10 மூன்றுமே இருப்பை மீறும். செலவும் அதே, முடிவில் நிற்கும் கடன் 50 என்பதும் அதே; கட்டணம் மட்டும் மூன்று. இப்படி வரிசையை மாற்றி எழுதியதற்காக 2010 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, சுமார் 203 மில்லியன் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருமாறு ஒரு பெரிய வங்கிக்கு உத்தரவிட்டார். மேல்முறையீட்டில், எந்த வரிசையில் எழுதுவது என்பது வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று வங்கிக்குச் சாதகமாகவே ஒரு பகுதி முடிந்தது. ஆனால் செலவுகள் எந்த வரிசையில் எழுதப்படும் என்பது பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக எண்ண வைத்தது குற்றம் என்ற பகுதி நிலைத்தது, அந்தத் தொகையும் பின்னர் மீண்டும் உறுதியானது. கட்டணம் கூடுதல் என்பதைவிட, சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்பதே நிற்கும் வாதம் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே கடிதத்தில் ஒரு அட்டவணை போட்டேன். தேதி, பதிவின் குறி, தொகை, அதற்குப் பிந்தைய இருப்பு என்பவற்றை ஸ்டேட்மெண்ட்டில் உள்ளபடியே எழுதி, கடைசியாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்தேன்: கார்டுக் கட்டணம் எடுக்கப்படாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டிய இருப்பு. தவணை நாளுக்கு நேராக அந்த நெடுவரிசையில் நின்ற எண், தவணைத் தொகையைவிடக் கூடுதலாக இருந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கீழே இரண்டு கேள்விகள் மட்டும்: ஒப்படைக்கப்பட்ட கார்டுக்குக் கட்டண அட்டவணையின் எந்தப் பிரிவின்படி கட்டணம் எடுக்கப்பட்டது? அந்தப் பற்று தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதனால் மட்டுமே விளைந்த கட்டணங்களை எந்த அடிப்படையில் வைத்துக்கொள்கிறீர்கள்? முத்திரையிட்ட நகலின் படத்தை இணைத்து அனுப்பினேன்.

எழுதிய தேதிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. இந்தியாவில் வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பிரிட்டனில் அந்தக் கெடு பொதுவாக 8 வாரங்கள். இரண்டு இடங்களிலும் புகார் செய்பவரிடம் பணம் வாங்குவதில்லை. ஆனால் வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போனால், போய் எழுதிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. “நல்லெண்ண அடிப்படையில்” தவணையைத் திருப்பி அனுப்பியதற்கான கட்டணங்களில் ஒன்றை விட்டுக்கொடுப்பதாகவும், அதை “முழுமையான, இறுதியான தீர்வாக” ஏற்றுக்கொண்டதாக நான் பதில் எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. சலித்துப்போயிருந்த எனக்கு, கிடைத்தவரை போதும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே கையெழுத்திட்டால் மிச்சத்தைக் கேட்கும் வாய்ப்பே போய்விடும். அத்துடன், நல்லெண்ணம் என்ற சொல்லில் தவறு நடந்ததற்கான சுவடே இல்லை. தொகையைப் பகுதியாக ஏற்கிறேன், கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் எதிர்பார்க்கிறேன், 30ஆம் நாளுக்குப் பின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன் என்று மூன்று வாக்கியங்களில் பதில் அனுப்பினேன்.

27ஆம் நாள் மிச்சமிருந்த கட்டணமும் வரிகளும் தனித்தனியாக வரவு வைக்கப்பட்டிருந்தன. பணத்தைவிட எனக்கு வேண்டியிருந்தது, கார்டுக் கட்டணம் தவறாக எடுக்கப்பட்டது என்று வங்கி தன் தாளில் எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம். அதற்கு மேலும் இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து தாமதக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றேன். கடன் வரலாற்றில் ஏறியிருந்த ‘தாமதம்’ என்ற குறிப்பை நீக்கச் சொல்லியும் அவர்களிடமே எழுதிக் கொடுத்தேன். பணம் ஒரே நாளில் திரும்பியது. குறிப்பு மறைவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது.

தவணைகள் தீர்ந்த பிறகு அந்தக் கணக்கை மூடப் போனேன். மூடுவதற்குக் கட்டணம் உண்டா என்று கேட்டேன். அதிகாரி கட்டண அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்றார். நல்லது என்று சொல்லி, விண்ணப்பத்தின் நகலை அவர் பக்கம் நீட்டினேன். முத்திரையை மையில் இரண்டு முறை அழுத்தி, தேதி நன்றாகப் பதியும்படி குத்திக் கொடுத்தார்.