ஒரு உடுக்கை போதும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடற்கரையில் இன்று சாயங்காலம். ஒரு உடுக்கை, ஒரு குரல். மைக் கிடையாது.

உடுக்கையின் இடுப்புக் கயிற்றைப் பாடும் பெரியவரின் கை நெருக்கினால் சுருதி ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. வரியின் கடைசிச் சொல்லில் அந்தப் பிடியை மெல்ல விடுகிறார். குரலும் உடுக்கையும் சேர்ந்தே இறங்குகின்றன.

பத்தடி தள்ளி நின்றால் இந்த நுணுக்கம் காதில் விழாது.

கடலோரத்தில் தோலோடுதான் பெரும்பாடு. ஈரக்காற்றை உறிஞ்சித் தொய்ந்து, சத்தம் அமுங்கிவிடும். தணலுக்கு ஒரு முழம் மேலே பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கிட்டே கொண்டுபோனால் தோல் சுருங்கிக் கிழியும்.

செல்போனில் பதிவு செய்பவர்களுக்கு: காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மைக் துளைமேல் மெல்லிய பருத்தித் துணி ஒரு மடிப்பு. வாய்க்கு நேராக வேண்டாம். இரண்டு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அலையோடு சேர்த்துத் தோலின் அதிர்வையும் அது தின்றுவிடும்.

எக்கோ மட்டும் சேர்க்காதீர்கள், புண்ணியமாப் போகும்! முளைப்பாரிக்கு ஸ்பீக்கர் கட்டுவது வேறு கணக்கு. நாலு பேர் எதிரே உட்கார்ந்து கேட்கிற பாட்டில், பாடுபவர் மூச்சு வாங்குவதும் பாட்டுதான்.