மீனின் வைரஸ் எதிர்ப்பில் மைக்ரோ ஆர்.என்.ஏ: தேர்வுக்கு இப்படிப் படியுங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்களோடு சேர்ந்து மீன்வள முதுநிலைத் தேர்வுக்கும் நெட் தேர்வுக்கும் படித்த தம்பி தங்கைகள் பலர், மைக்ரோ ஆர்.என்.ஏ (புரத உற்பத்தியைக் குறைக்கும் குட்டி ஆர்.என்.ஏ துண்டு) பகுதி வந்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெயரெல்லாம் வெறும் எண்களாக இருப்பதுதான் காரணம்: 155, 146, 731, 3570. அந்த எண்களை மனப்பாடம் செய்ய இறங்காதீர்கள். வைரஸ் நுழைந்ததும் மீனின் செல் என்ன செய்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் வரையுங்கள்.

வைரஸின் ஆர்.என்.ஏவை ரிக்-ஐ புரதம் உணர்கிறது. அது மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உட்கார்ந்திருக்கும் மாவ்ஸ் புரதத்தைத் தூண்டுகிறது. அங்கிருந்து டிபிகே1, ஐஆர்எஃப்3, ஐஆர்எஃப்7 என்ற புரதங்கள் வழியாக, வைரஸ் வந்ததை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. அப்புறம் எம்எக்ஸ் போன்ற எதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. பார்க்காமல் இதை வரைய வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ உருவாகும் விதத்துக்கு ஒரு பத்தி போதும். ட்ரோஷா, டைசர் என்ற நொதிகள் வெட்டித் தரும் சுமார் 22 நியூக்ளியோடைடு நீளத் துண்டு, ஆர்கோநாட் புரதத்தில் ஏறுகிறது. அதன் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் (நியூக்ளியோடைடுகள்), ஒரு புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏவின் வால்பகுதியில் பொருந்தினால், அந்தப் புரதத்தின் உற்பத்தி குறைகிறது. 1993இல் புழுவில் இதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது.

இனிதான் உண்மையான கேள்வி: உற்பத்தி குறைந்தால் யாருக்கு லாபம், மீனுக்கா வைரஸுக்கா? நம் கத்தாளையின் குடும்பத்தைச் சேர்ந்த மீயூய் குரோக்கர் மீனில், ரேப்டோ வைரஸ் தொற்றியதும் மிர்-3570 (மிர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏவின் சுருக்கம்) கூடி மாவ்ஸை அடக்குகிறது. மிர்-210, இன்டர்ஃபெரானைத் தூண்டும் இன்னொரு புரதமான ஸ்டிங்கை அடக்குகிறது. எதிர்ப்பு கட்டுமீறினால் அழற்சி மீனையே கெடுக்கும் என்பதால் செல்லுக்கு இந்தக் கடிவாளம் தேவை. ஆனால் அதே கடிவாளம் வைரஸ் பெருகவும் இடம் கொடுக்கிறது. ஆலிவ் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீனில் மெகாலோசைட்டி வைரஸ், மிர்-731ஐக் கூட்டி ஐஆர்எஃப்7ஐயும், செல் தானே மடியத் தூண்டும் பி53 புரதத்தையும் குறைக்கிறது. வரைந்த பாதையில் எந்த எண் எங்கே கை வைக்கிறது என்று சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் தானாக மனதில் நிற்கும்.

"ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ ஒரு புரதத்தை அடக்குகிறது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?" என்பது வாய்மொழித் தேர்வில் அடிக்கடி வரும். தொற்றில் ஒன்று கூடியது, இன்னொன்று குறைந்தது என்பது நிரூபணம் ஆகாது. இலக்கின் வால்பகுதியை, ஒளி தரும் லூசிஃபெரேஸ் மரபணுவோடு இணைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தும் இடத்தை மாற்றியதும் விளைவு மறைய வேண்டும். மிமிக் (செயற்கை மைக்ரோ ஆர்.என்.ஏ), இன்ஹிபிட்டர் (அதைத் தடுப்பது) இரண்டும் எதிரெதிர் விளைவு தர வேண்டும். இவ்வளவும் சொன்னால்தான் பதில் முழுமை.

இறாலையும் மீனையும் கலக்காதீர்கள். நம் கரையில் இறால் பண்ணைகள் அதிகம் என்பதால் இந்தக் குழப்பம் சுலபமாக வரும். இறாலுக்கு மீனுடையது போன்ற இன்டர்ஃபெரான் அமைப்பு கிடையாது. வைரஸின் ஆர்.என்.ஏவையே துண்டாக்கும் எஸ்ஐ-ஆர்.என்.ஏ (இன்னொரு வகைக் குட்டி ஆர்.என்.ஏ) வழி அங்கே முக்கியம்.

மீன் நோய்க்கு உதாரணமாக நோடா வைரஸை எடுங்கள். இரண்டு துண்டு ஆர்.என்.ஏ கொண்ட இந்த வைரஸ் கொடுவா, கலவாக் குஞ்சுகளின் மூளையையும் விழித்திரையையும் தாக்கும். குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்தும். இதன் பி2 புரதம் ஆர்.என்.ஏ வெட்டும் பாதையையே தடுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் கடல் விரால் குஞ்சு பொரிப்பில் வெற்றி கண்டது. கூண்டு வளர்ப்பு இங்கே பரவிய பிறகு, "பண்ணையாளருக்கு இதனால் என்ன பயன்?" என்ற கேள்வியும் வருகிறது. நோடா முட்டை வழியாகவும் பரவும். அதனால் இன்றைக்குக் கைகொடுப்பது பிசிஆரில் (வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் சோதனை) சோதித்த தாய்மீனும், கூண்டில் நெரிசல் இல்லாத அடர்த்தியும்தான். மைக்ரோ ஆர்.என்.ஏவை நோய் அறியும் குறியீடாகவும், எதிர்ப்புத்திறன் உள்ள தாய்மீனைத் தேர்வதற்கும் பயன்படுத்த முயல்கிறார்கள் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். இந்த வரிசையில் எழுதினால் திருத்துகிறவருக்கு உங்கள் தெளிவு தெரியும்.