மேவனில் மாட்யூல் எல்லை: இதுவரை செய்து பார்த்தது

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுத்து விற்கிற சித்தப்பாவுக்காக ஓய்வு நேரத்தில் ஜாவாவில் ஒரு கணக்கு புரோகிராம் எழுதி வருகிறேன். ஷீட், ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர்) எடை, அன்றைய விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, இவ்வளவுதான் வேலை. ஜாவா புரோகிராமைக் கட்டித் தரும் கருவியான மேவனில் விலை, கணக்கு, திரை என்று மூன்று மாட்யூல், அதாவது தனித்தனிப் பகுதி. விலை போடும் உள் கிளாஸ்களைத் திரை தொடக்கூடாது. ஆனால் கிளாஸ் பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஒரு ஜார் (கிளாஸ்களைக் கட்டி வைத்த ஃபைல்) வந்துவிட்டால் அதில் பப்ளிக்காக இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கம்பைலர் வாயே திறக்காது.

2017இல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல்-இன்ஃபோ ஃபைல் இதற்குத்தான்: வெளியே எதைக் காட்டலாம் என்பதை எக்ஸ்போர்ட்ஸ் வரியிலும், வேறு எந்த மாட்யூல் வேண்டும் என்பதை ரிக்வயர்ஸ் வரியிலும் சொல்லலாம். முதலில் விலைக்கு மட்டும் அதை வைத்து, வெளியே தெரிய வேண்டிய ஒரே பேக்கேஜை (கிளாஸ் தொகுப்பை) எக்ஸ்போர்ட்ஸ் வரியில் போட்டேன். பில்ட் ஓடியது, திரை அப்போதும் உள் கிளாஸைத் தாராளமாக எடுத்தது. காரணம் எளிது: திரையில் மாட்யூல்-இன்ஃபோ இல்லை, அதனால் மேவன் அதைப் பழையபடி கிளாஸ் பாத்தில்தான் கம்பைல் செய்கிறது, அங்கே விலையின் எக்ஸ்போர்ட்ஸ் வரிக்கு மதிப்பே இல்லை. எல்லை போடுகிற மாட்யூலுக்கு மட்டுமல்ல, அதைப் பயன்படுத்தும் மாட்யூலுக்கும் அந்த ஃபைல் வேண்டும். மூன்றிலும் வைத்தவுடன் 'பேக்கேஜ் இஸ் நாட் விசிபிள்' என்று பில்ட் நின்றது. அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் இன்னொன்றும் பிடிபட்டது. கணக்கு மாட்யூலின் சிஎஸ்வி (காற்புள்ளியிட்ட அட்டவணை ஃபைல்) படிக்கும் லைப்ரரியைத் திரையும் சொல்லாமலே பயன்படுத்தி வந்திருக்கிறது, கம்பைல் ஸ்கோப்பில் ஒரு மாட்யூல் சேர்த்த லைப்ரரியை, அந்த மாட்யூலைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் மேவன் கூடவே கடத்திவிடும். இப்போது அந்த ஜார் மாட்யூல் பாத்தில் (எல்லைகளை மதிக்கும் புதிய பட்டியல்) இருந்தாலும் ரிக்வயர்ஸ் வரி இல்லாமல் திரையால் அதைப் படிக்க முடியாது. கணக்கில் ரிக்வயர்ஸ் டிரான்சிட்டிவ் (தன்னைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்பது) போட்டால் உடனே சரியாகும், ஆனால் நான் போடவில்லை, ஃபைல் படிக்கிற வேலையைக் கணக்குக்கே தள்ளிவிட்டேன்.

டெஸ்டுக்குப் பிரச்சினை வரவில்லை, மேவனே பேட்ச்-மாட்யூல் என்ற ஆப்ஷனைக் கொடுத்து டெஸ்ட் கிளாஸ்களை அந்தந்த மாட்யூலுக்குள்ளே சேர்த்துவிடுகிறது.

மீதி இருப்பது பில் அச்சடிக்கும் பிடிஎஃப் ஜார். அதில் மாட்யூல்-இன்ஃபோ கிடையாது, அதனால் ஜாவாவே மாட்யூலாக எடுத்துக்கொள்ளும் 'ஆட்டோமேட்டிக் மாட்யூலாக'த்தான் வரும், எல்லா பேக்கேஜும் திறந்தே கிடக்கும், அதை ரிக்வயர் செய்தால் மற்ற ஆட்டோமேட்டிக் மாட்யூல்களும் சேர்ந்தே தெரியும். அதனால் பில்லுக்கு நாலாவதாக ஒரு மாட்யூல் பிரித்து, அது மட்டும் அந்த ஜாரைத் தொடுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.