மாடி அறை, தருமபுரி

ஏப்ரல் 8
பதினொரு மணிக்கே பதிவேட்டில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கிவிட்டன. ஈரத்துண்டைப் பிடரியில் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் 8 எட்டாகவும் 3 மூன்றாகவும் நின்றன. சூடு ஏறினால் நரம்பு தடுமாறும், உடல் குளிர்ந்தால் திரும்பும் என்று மருத்துவர் சொன்னது அப்படியே நடக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எங்கே குளிர்வது?

ஏப்ரல் 9
“முடியவில்லை என்றால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்களேன் அம்மா” என்றார் கண்காணிப்பாளர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. என் கோப்பில் எந்த வேலை தேங்கிக் கிடக்கிறது? நான் கேட்பது கீழ்த்தளத்தில் ஒரு மேசை. வடக்குப் பார்த்த அறையில் உடைந்த பீரோக்களை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 10
தூக்கமில்லை.

ஏப்ரல் 13
2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை முழுவதும் படித்தேன். அட்டவணையில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று, நரம்புகளைத் தாக்கும் என் நோயின் பெயரே இருக்கிறது. வேலை செய்வதற்குத் தேவையான நியாயமான மாற்றங்களை அரசு அலுவலகம் செய்து தர வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. மறுத்தால் அதுவும் பாகுபாடுதான். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. அந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். குறைபாடு நாற்பது சதவீதம் இருந்தால்தான் எல்லாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நாற்பது கேட்பது இட ஒதுக்கீட்டுக்கு. இந்தப் பிரிவில் சதவீதமே இல்லை.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தங்கை மகனை நினைத்தேன். நீக்கக் கூடாது என்ற அந்த வரி அரசு அலுவலகங்களுக்கு மட்டும். தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. முதுகில் அடிபட்ட பையனுக்கு அது போதுமா?

ஏப்ரல் 14
மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூ நிறையப் போட்டுவிட்டார் அவர். நன்றாகவே இருந்தது. இன்று கண் தெளிவு.

ஏப்ரல் 20
“அக்கா, மனு கொடுத்தால் பென்னாகரத்துக்கு மாற்றிவிடுவார்கள்” என்கிறான் எதிர் மேசைத் தம்பி. பயமுறுத்தச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறான். தினமும் அந்தப் பஸ்ஸில், மதிய வெயிலில், நின்றுகொண்டு. இரவெல்லாம் அதே நினைப்பு.

ஏப்ரல் 22
கொடுத்துவிட்டேன். குறைதீர் அலுவலர் புகாரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பது 23ஆம் பிரிவு. என் கண்ணெதிரே எண் போடச் சொன்னேன். போட்டார்.

ஏப்ரல் 27
பதில் இல்லை. பீரோக்கள் அப்படியே இருக்கின்றன.

மே 2
மின்சாரம் போய்விட்டது. இறங்கும்போது இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. கைப்பிடி வலப்பக்கம் மட்டும்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாண்டிப் போனவர்கள் புடவையை மிதிக்காமல் கவனமாகப் போனார்கள். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. வேலை எனக்குத் தெரியும். எந்தக் கோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். படியும் கூரையும்தான் என்னைத் தோற்கடிக்கின்றன, என்னைப் போய் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள்.

மே 5
நாளை விசாரணை. பிற்பகல் இரண்டு மணி, மாடியில். ஏற மாட்டேன். கீழே பெஞ்சில் இருப்பேன், அலுவலர் கோப்போடு இறங்கி வரட்டும். மருத்துவச் சான்று, சட்டத்தின் நகல், மனு எண் எழுதிய சீட்டு எல்லாம் பையில் இருக்கின்றன. என் கணவர் அரை நாள் விடுப்புப் போட்டிருக்கிறார்.