டெஸ்க்டாப்பில் தமிழ்ப் பெயரோடு ஷார்ட்கட்: பவர்ஷெல்லில் செய்த விதம்

தெரிந்தவரின் அச்சகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாவற்றிலும் 'கணக்கு', 'வடிவமைப்பு' என்று தமிழிலேயே ஷார்ட்கட் வேண்டும் என்றார். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து ரைட் கிளிக் செய்ய யாரால் ஆகும்? விண்டோஸில் கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்ட உதவும் பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தேன்.

வழக்கமான வழி சுலபம். 'டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்' என்ற காம் ஆப்ஜெக்டை (ஸ்கிரிப்டிலிருந்து அழைக்கக்கூடிய விண்டோஸின் உள்கருவி) எடுத்து, அதன் கிரியேட்ஷார்ட்கட்டுக்கு, ஷார்ட்கட் ஃபைலின் பின்னொட்டான .எல்என்கே என்று முடியும் பாதையைக் கொடுக்க வேண்டும். எதைத் திறக்க வேண்டும் என்பதை டார்கெட்பாத்திலும், எந்தப் படம் என்பதை ஐகான்லொகேஷனிலும் நிரப்பி, சேவ் சொன்ன பிறகுதான் ஃபைல் உருவாகும். கிரியேட் என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. டெஸ்க்டாப், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் இடம் மாறியிருக்கலாம் என்பதால், பாதையைக் கையால் எழுதாமல், அது இருக்கும் இடத்தைச் சொல்லும் கெட்ஃபோல்டர்பாத்திடம் கேட்டு வாங்கினேன்.

ஆங்கிலப் பெயரில் ஓடியது. 'கணக்கு' என்றதும் சேமிக்க முடியவில்லை என்று பிழை. அந்தச் செய்தியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

முதல் சந்தேகம் ஸ்கிரிப்ட் ஃபைல் மேல். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, பாம் (எழுத்துமுறையைக் காட்ட ஃபைலின் தொடக்கத்தில் வைக்கும் குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஃபைலை, அதாவது யூனிகோட் ஃபைலை, ஆன்சி என்ற பழைய எழுத்துமுறை என்று எண்ணியே படிக்கும். நோட்பேடில் திறந்து பார்த்தேன், பாம் இருந்தது. அதே ஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கியது. ஷார்ட்கட் மட்டும் அடம்பிடித்தது.

வினை அந்த காம் ஆப்ஜெக்டில்தான். அது பெயரை உள்ளுக்குள் ஆன்சி கோட் பேஜுக்கு, அதாவது ஒரு மொழிக்கான பழைய எழுத்து அட்டவணைக்கு, மாற்றுகிறது. ரஷ்ய மொழிக்கு 1251 என்ற எண்ணில் ஒன்று இருக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒன்று கிடையாது, யூனிகோட் மட்டுமே. எனவே எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிறது. ஃபைல் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிக்காது. ரீஜன் செட்டிங்கில் யூடிஎஃப்-8 பீட்டா என்று ஒரு டிக் இருக்கிறது; அதைப் போட்டால் கோட் பேஜே யூடிஎஃப்-8 ஆகிவிடும். ஆனால் அச்சகத்தில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை நம்பிய மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. அவை குழம்பினால் என் தலை உருளும். அதைத் தொடவில்லை.

வேறு வழி எளிதாகவே இருந்தது. 'தற்காலிகம்' என்பதை ஆங்கில எழுத்தில் வைத்து ஷார்ட்கட்டைச் சேமித்து, பிறகு மூவ்-ஐட்டம் என்ற பவர்ஷெல் கட்டளை மூலம் தமிழ்ப் பெயருக்கு மாற்றினேன். அந்தக் கட்டளைக்கு யூனிகோட் பிரச்சினை இல்லை. அதோடு ஃபோர்ஸ் என்ற சொல்லையும் சேர்த்தால் மறுபடி ஓட்டும்போது பழைய ஷார்ட்கட் மேலேயே எழுதிக்கொள்ளும்.

ஆனால் ஷார்ட்கட் திறக்க வேண்டிய ஃபோல்டரின் பெயரும் தமிழ். டார்கெட்பாத்திலும் அதே வம்பு. அதற்கு 'ஷெல்.அப்ளிகேஷன்' என்ற இன்னொரு ஆப்ஜெக்ட் கைகொடுத்தது. நோட்பேடைக் காட்டும் பொம்மை ஷார்ட்கட்டை முதலில் சேமித்துவிட்டு, நேம்ஸ்பேஸ் மூலம் ஃபோல்டரையும், பார்ஸ்நேம் மூலம் அதிலுள்ள அந்த ஷார்ட்கட்டையும் பிடித்து, கெட்லிங்க் தரும் ஆப்ஜெக்டின் பாத்தில் தமிழ்ப் பாதையை எழுதி, சேவ். பெயர் மாற்றம் கடைசியில்தான். இப்போது பெயர்களும் பாதைகளும் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) ஃபைலில் இருக்கின்றன. அதற்கும் பாம் வைத்திருக்கிறேன்.