ஏணியில் ஏறியது யார்?

எங்கள் வீட்டில் உயரத்தில் ஏறிச் செய்யவேண்டிய வேலை எல்லாம் மனைவியுடையது. எனக்கு ஏணியின் இரண்டாவது படியிலேயே கால் நடுங்கும். போன மாதம் அவள் பல்பு மாற்றியபோது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புது பல்பை எடுத்துக் கொடுத்தது எங்கள் ஐந்து வயது மகள். ஒரு வாரம் கழித்து அதைப் படமாக வரைந்து கொண்டுவந்தாள். ஏணி உச்சியில் மீசை வைத்த ஆள், கீழே நீளக் கூந்தலோடு ஒரு பெண்.

"அம்மாதானே ஏறினாங்க?" என்றேன்.

"இல்லப்பா, நீதான் ஏறின."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: உளவியலாளர்கள் கேரல் மார்ட்டினும் சார்ல்ஸ் ஹால்வர்சனும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் இதையே பார்த்திருக்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான வேலை செய்பவர்களின் படங்களைக் காட்டிவிட்டு ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பல குழந்தைகளின் நினைவில் படத்திலிருந்த சிறுமி சிறுவனாகியிருந்தாள். கண் பார்த்ததை, மனதில் ஏற்கெனவே இருக்கும் அச்சு திருத்திவிடுகிறது.

அந்த அச்சு எப்போது உருவானது என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று வயதில் "நீ யாரு?" என்றால் "பொண்ணு" என்று பட்டென்று சொல்வாள். "பெரியவளானதும்?" என்று கேட்டால், "அப்பா ஆவேன்!" நான்கு வயதில் அந்தப் பேச்சு நின்றது. ஆனால் மனைவி தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்த நாளில், "அம்மா இனிமே பையனா?" என்று ஒரே அழுகை. (முடி இப்போதும் குட்டைதான். படத்தில் மட்டும் எப்படியோ வளர்ந்துவிட்டது.)

ஆண், பெண் என்பதைக் குழந்தை புரிந்துகொள்வதைப் பற்றி உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966-ல் எழுதிய படிநிலைகள் ஏறக்குறைய இவைதான். முதலில் தான் ஆணா பெண்ணா என்று தெரியும். பிறகு அது வளர்ந்தாலும் மாறாது என்று புரியும். உடை, முடி மாறினாலும் மாறாது என்பது ஆறேழு வயதை ஒட்டித்தான் உறைக்கும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே, வேறு வடிவத் தம்ளருக்கு மாற்றினால் அளவு கூடியதா என்று கேட்ட சோதனையும் இதே குடும்பம்தான். உயரமான தம்ளருக்கு மாற்றினால் பால் கூடிவிட்டது என்று இவளும் அந்த வருடம் சண்டை போட்டிருக்கிறாள். தோற்றம் மாறினால் பொருளே மாறிவிட்டது என்பதுதான் அவள் கணக்கு.

ஆனால் கோல்பெர்க்கோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆண், பெண் என்பது மாறாது என்று புரிந்த பிறகுதான் குழந்தை தன் பாலினத்துக்குரியதைத் தேடிப்போகும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டிலோ, அப்பா ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே லாரி பொம்மையை "இது பசங்களுது" என்று தள்ளிவிட்டாள். தான் பையனா பொண்ணா என்ற பெயர் தெரிந்தாலே போதும், குழந்தை அதைச் சுற்றி விதிகளைச் சேர்க்கத் தொடங்கிவிடும் என்று மார்ட்டினும் ஹால்வர்சனும் சொல்வதுதான் இங்கே பொருந்துகிறது.

ஐந்து, ஆறு வயதில்தான் இந்த விதிகள் மிகவும் கறாராக இருக்குமாம், பிறகு தளருமாம். அதுவரை பொறுக்க வேண்டியதுதான்.

நேற்று சமையலறை பல்பு போனது. மகள் ஏணியை என் பக்கம் நகர்த்தி, "ஏறுப்பா" என்றாள். மறுக்க மனமில்லாமல் இரண்டு படி ஏறினேன்.

"அப்பா, உன் கால் ஏன் ஆடுது?"

மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மீசைக்காரரே, இறங்குங்க" என்றாள்.